ஸ்விட்ச் 2: மாமியிடம் கொண்டுவரச் சொல்லலாமா?

பனங்கூடல்:
நல்லூர்த் திருவிழாவுக்கு மாமி கனடாவிலிருந்து வருகிறா. என்ன வேண்டும் என்று கேட்டா. நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கேம் கொன்சோல் என்று சொல்ல வாயெடுத்தேன், அண்ணா மறித்துவிட்டான். கையிலும் டிவியிலும் விளையாடலாம் என்கிற சாமான் இரண்டுக்கும் உருப்படியாக இருக்காதாம். பாவித்தவர்கள் சொல்லுங்கோ.

ஸ்டான்லி_வீதி:
அண்ணா சொல்வதுதான் சரி, தம்பி. 2025இல் வெளிவந்தபோது அமெரிக்க விலை 449.99 டொலர். டொலரை 300 ரூபா என்று பிடித்தாலே 135,000. மரியோ கார்ட் வேர்ல்ட் கேம் தனியாக 79.99 டொலர். பெட்டரி 2 முதல் 6.5 மணி நேரம் என்கிறார்கள், பெரிய கேம் என்றால் அந்த 2 தான். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனால் வவுனியா வருமுன்னே திரை இருண்டுவிடும். முதல் ஸ்விட்ச் 398 கிராம், இது 534. ஃபோனைப் போலச் சட்டைப் பையில் போடவும் ஏலாது.

வேலணையான்:
பஸ்ஸை வைத்து அளக்கிறீர்களே, அங்கேதான் பிழை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, மறந்துபோச்சா? ஒரு பின்னேரம் நானும் மச்சானும் முதல் ஸ்விட்சை வைத்து டிவியில் கார் ஓட்டிக்கொண்டிருந்தோம். கடைசிச் சுற்று. கரண்ட் போனது. டிவியோடு இணைக்கும் டொக்கிலிருந்து உருவி, விறாந்தையில் ஸ்டூலின் மேல் நிறுத்தி, பக்கத்துக் கொன்ட்ரோலர் இரண்டையும் கழற்றி ஆளுக்கொன்று எடுத்தோம். விட்ட இடத்திலிருந்தே ஓடியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சார்ஜ் இறங்க, பவர் பாங்கைக் குத்தினோம். இந்த வசதி வேறு எதில் இருக்கிறது? அதோடு, கரண்ட் இருந்தாலும் எங்கள் வீட்டில் இரவு 7 மணிக்குப் பிறகு டிவி அம்மம்மாவுடையது.

ஸ்டான்லி_வீதி:
அது நல்ல பின்னேரம்தான், மறுக்கவில்லை. நான் கேட்பது சந்தையை. ஃபோனில் இலவசமாக விளையாடும் பெடியன் எதற்கு இவ்வளவு காசு கொடுப்பான்? சோனிகூட பிளேஸ்டேஷன் வீட்டாவோடு கையடக்கக் கொன்சோலை விட்டுவிட்டது.

வேலணையான்:
அண்ணை, வீட்டா வெறும் கையடக்கம். ஸ்விட்சுக்கு முன் நின்டெண்டோ விட்ட வீ யூ கொன்சோல் மொத்தமே 13.56 மில்லியன்தான் விற்றது. அதன் கையிலும் ஒரு திரை இருந்தது, ஆனால் கொன்சோல் பெட்டியை விட்டுத் தூரம் போக ஏலாது. அந்தக் கட்டை அவிழ்த்த ஸ்விட்ச் 150 மில்லியனைத் தாண்டியது. ஸ்விட்ச் 2 முதல் நான்கு நாளிலேயே 3.5 மில்லியன். ஃபோன் எல்லாவற்றையும் விழுங்கியிருந்தால் இவ்வளவு பேர் ஏன் வாங்கினார்கள்?

கடலோரம்:
இரண்டு பேரும் கணினி கேம் ஓட்டும் கையடக்கமான ஸ்டீம் டெக்கை விட்டுவிட்டீர்கள். 2022இல் 399 டொலருக்கு வந்தது. கணினி கேம்களைத் தள்ளுபடிக் காலத்தில் மலிவாக வாங்கலாம். 669 கிராம், படுத்துக்கொண்டு பிடித்தால் மணிக்கட்டு நோகும், அது உண்மை. எல்லாக் கேமையும் தரவிறக்கவும் வேண்டும்.

ஸ்டான்லி_வீதி:
தரவிறக்கம் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. ஸ்விட்ச் 2இல் கேம்-கீ கார்ட் என்று ஒன்று விற்கிறார்கள். கேம் அடங்கிய கார்ட்டிட்ஜ் அட்டை மாதிரியே இருக்கும், உள்ளே கேம் இருக்காது, முழுவதையும் இணையத்தில் இறக்க வேண்டும். டேட்டா கார்ட்டில் காலம் தள்ளும் வீட்டுக்கு அது பெரிய இடி. மாமியிடம் சொல்லும்போது கேம் பெட்டியில் அது எழுதியிருக்கிறதா என்று பார்த்து, எழுதியிருந்தால் வாங்க வேண்டாம் என்று சொல், தம்பி.

பனங்கூடல்:
அப்ப ஸ்விட்ச் லைட் கேட்கட்டா? மலிவு, 275 கிராம்தானே.

வேலணையான்:
வேண்டாம். லைட்டை டிவியில் போட ஏலாது, கொன்ட்ரோலரும் கழராது. வேறு கொன்ட்ரோலர் வாங்காமல் உன் அண்ணாவோடு சேர்ந்து விளையாட ஏலாமல் போகும். ஸ்விட்ச் 2 பழைய ஸ்விட்ச் கேம்களில் பெரும்பாலானதை ஓட்டும், அதனால் புதுக் கேமுக்கு இப்போதே செலவழிக்கத் தேவையில்லை.

ஸ்டான்லி_வீதி:
விலை கூட என்பதில் நான் மாறவில்லை. ஆனால் மாமி வாங்கி வந்தால் கடைப்பக்கம் வா. மரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்னிடம் சும்மா கிடக்கிறது, முழுக் கேமும் உள்ளே இருக்கிற கார்ட்டிட்ஜ். இரவல் தருகிறேன்.