புதுப்பிப்பு: எம்.ஜி.யு.எஸ். குறித்து இரத்தவியல் மருத்துவர் சொன்னவை

வழக்கமான இரத்தப் பரிசோதனையில் எனக்கு எம்.ஜி.யு.எஸ். (இரத்தத்தில் இயல்புக்கு மாறான ஒரு புரதம் காணப்படும் நிலை) இருப்பது தெரியவந்ததையும், அது புற்றுநோயாக மாறிவிடுமோ என்ற கலக்கத்தில் உறக்கமின்றித் தவிப்பதையும் முன்பு எழுதியிருந்தேன். இப்போது இரத்தவியல் மருத்துவரைச் சந்தித்துவிட்டேன்.

எலும்பு மஜ்ஜையில் ஆன்டிபாடி எனும் நோயெதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களில் ஒரு குழு மட்டும் பெருகி, ஒரே வகைப் புரதத்தைச் சுரந்துகொண்டிருப்பதே இந்நிலை. எம் புரதம் எனப்படும் அது டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் குறைவாகவும், மஜ்ஜையில் அச்செல்கள் 10 சதவீதத்துக்குக் குறைவாகவும், உறுப்புப் பாதிப்பு ஏதும் இல்லாமலும் இருந்தால்தான் இப்பெயரில் அழைப்பார்கள். சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதத்தினருக்கே இது மைலோமா (பிளாஸ்மா செல்களின் புற்றுநோய்) போன்ற நோயாக முற்றுகிறது. எனக்குப் புரதம் 0.8 கிராம்தான், ஐ.ஜி.ஜி. எனும் ஆன்டிபாடி வகை, லைட் செயின் எனும் ஆன்டிபாடித் துண்டுகளின் விகிதமும் இயல்பாக உள்ளது. ஆகவே குறைந்த ஆபத்துப் பிரிவு என்றும், மஜ்ஜைப் பரிசோதனையை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம் என்றும் அவர் கூறினார்.

மருந்து எதுவும் இல்லை. உண்மையில், ஒரு மாத்திரையாவது எழுதிக் கொடுத்திருந்தால் மனம் ஆறியிருக்கும். கண்காணித்தால் போதும் என்பதை ஏற்பதுதான் கடினமாக இருக்கிறது. ஆறு மாதம் கழித்து எம் புரதத்துடன் ஹீமோகுளோபின், கால்சியம், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். முடிவுகளை ஒப்பிட வசதியாக அதே ஆய்வகத்திலேயே கொடுக்கச் சொன்னார். இடையில் விடாத எலும்பு வலி, காரணமற்ற எடை இழப்பு, கைகால் மரத்துப்போதல், சிறுநீரில் நுரை ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அந்தத் தேதி வரை காத்திருக்காமல் உடனே வரவேண்டுமாம்.