சுவடுத் தனிமமா, நுண்ணூட்டத் தனிமமா, இம்மித் தனிமமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

தோல் புற்றுநோயைக் கண்டறிய இரத்தத்தில் செம்பு, துத்தநாகம், செலினியம் போன்றவற்றை அளந்து பார்க்கும் ஆய்வுகள் பற்றி நம் தொகுப்புக்குக் கட்டுரை தயாராகிறது. ஆங்கிலத்தில் trace elements எனப்படும் இவற்றுக்கான தமிழ்ப் பொதுச்சொல்லில்தான் இழுபறி. இதுவரை வந்தவை:

> இலங்கையில் சுவட்டு மூலகம் என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டு வழக்கப்படி சுவடுத் தனிமம் என்று வைத்துக்கொள்ளலாமே?

> பள்ளிப் புத்தகத்தில் படித்த நுண்ணூட்டத் தனிமம் போதுமே, ஐயா. புதிதாக எதற்கு?

இரண்டும் நல்ல சொற்கள்தான். ஆனால் இந்தக் கட்டுரைக்கு இரண்டுமே சரிப்படாது என்று நினைக்கிறேன். ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

சுவடு என்றால் ஒன்று வந்துபோன தடம். புற்றுநோய்க் கட்டுரையில் ‘இரத்தத்தில் சுவடுத் தனிமங்கள்’ என்று படிப்பவர், புற்று விட்டுச்சென்ற தடம் என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆனால் நோயே இல்லாதவர் இரத்தத்திலும் இவை உண்டு. சீரத்திலுள்ள (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்மத்திலுள்ள) செம்பில் பெரும்பகுதி செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் கல்லீரல் இந்தப் புரதத்தைக் கூடுதலாக உண்டாக்கும். கர்ப்பிணிகளுக்கும், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் செம்பு ஏறும். துத்தநாகமோ அழற்சியின்போது இரத்தத்தை விட்டுக் கல்லீரலுக்குள் போய்விடும். ஆக, செம்பு கூடி, துத்தநாகம் குறைந்திருப்பதை மட்டும் வைத்து மெலனோமா (நிறமிச் செல்களில் தொடங்கும் கொடிய தோல் புற்று) என்று யாரும் சொல்லிவிட முடியாது. தோலுக்கு நிறம் தரும் மெலனினை உருவாக்கும் டைரோசினேஸ் நொதிக்குச் செம்பு வேண்டும். அதனால் ஆய்வாளர்கள் செம்பைத் துருவுவது நியாயம்தான். ஆனால் மெலனோமாவா இல்லையா என்று முடிவு செய்வது, இன்றும் தோலிலிருந்து வெட்டியெடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்துத்தான். கட்டுரைத் தலைப்பிலும் ‘கண்டறியும்’ என்பதைக் ‘கண்டறிய உதவக்கூடிய’ என்று மாற்றிவிட வேண்டுகிறேன்.

நுண்ணூட்டத்தில் எனக்குள்ள தயக்கம் இன்னும் பெரியது. ஊட்டம் என்று சொன்னாலே, குறைந்தால் மாத்திரை போட்டு ஏற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்துவிடும். செலினியத்தில் இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், ஏற்கெனவே மெலனோமா அல்லாத தோல் புற்று வந்த 1,312 பேரில் ஒரு பாதிக்கு நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம் செலினியமும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். லாரி கிளார்க் தலைமையில் நடந்த இந்த ஆய்வின் முடிவு 1996இல் வெளிவந்தது: தோல் புற்று மீண்டும் வருவது குறையவில்லை. 2003இல் வெளியான விரிவான அலசலிலோ, செலினியம் சாப்பிட்டவர்களிடம் செதிள் செல் புற்று என்ற தோல் புற்று வகை கூடியிருந்தது தெரிந்தது. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒருவர் மருந்துக்கடையில் செலினியம் மாத்திரை கேட்கும்படி நாம் எழுதக் கூடாது. அப்புறம் ஆர்சனிக். மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் வந்து, தோல் புற்றுக்கே காரணமானது அது. அதை எந்த வாயால் ஊட்டம் என்பது?

அருந்தனிமம் என்றும் ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். அது அருமண் தனிமங்களோடு (rare earths) குழம்பும், விட்டுவிடலாம்.

நமக்கு வேண்டியது அளவை மட்டும் சொல்லும் சொல். இந்தப் பரிசோதனையில் எல்லாமே அந்தச் சிற்றளவைச் சுற்றித்தான். இரத்தம் பிடிக்கும் சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்து துத்தநாகம் கசிந்தாலே கணக்குத் தப்பிவிடும். அதற்காகவே கருநீல மூடி போட்ட தனிக் குழாய் வைத்திருக்கிறோம். இரத்தம் எடுக்கையில் சிவப்பணுக்கள் உடைந்து சீரம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் மாதிரியைத் திருப்பி அனுப்பிவிடுவோம். சிவப்பணுவுக்குள் இருக்கும் துத்தநாகம் சீரத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு என்பதால் அந்த எண்ணை நம்ப முடியாது.

எனவே என் பரிந்துரை: இம்மித் தனிமம். இம்மி நம் பழைய பின்ன எண்முறையான கீழ்வாய் இலக்கத்தில் உள்ள மிகச் சிறிய பின்னம். ஒரு வாய்ப்பாட்டில் 10,75,200இல் ஒரு பங்கு, இன்னொன்றில் 21,50,400இல் ஒரு பங்கு. ஒரு லிட்டர் சீரத்தில் செம்பும் துத்தநாகமும் தலைக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம், அதாவது கிட்டத்தட்ட பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு பொருத்தமாக ஒரு சொல் கையிலேயே இருப்பதைப் பார்த்து உண்மையிலேயே மகிழ்ந்துபோனேன். செலினியம் இதிலும் பத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் சொல்லைத் துல்லிய அளவாகக் கொள்ள வேண்டியதில்லை, வகைப்பெயராகக் கொண்டால் போதும்.

இம்மி என்றாலே ‘இம்மியும் இல்லை’ என்றுதானே வரும் என்று கேட்கலாம். ‘இம்மி பிசகாமல்’ என்றும் சொல்கிறோமே. அளவைத் தொழிலுக்கு அதைவிடப் பொருத்தமான தொடர் ஏது? இலங்கை நண்பர்கள் இம்மி மூலகம் என்று எழுதிக்கொள்ளலாம், முன்சொல் பொதுவாக இருந்தால் சரி. பயிரியல் கட்டுரைகளில் நுண்ணூட்டம் இருக்கிறபடியே இருக்கட்டும். அங்கே அது பொருந்துகிறது.

சொல்லடைவுக்கான வரைவு:

இம்மித் தனிமம் – உடல், நீர், மண் போன்றவற்றில் மிகச் சிறிய அளவில் காணப்படும் தனிமம். உடலுக்குத் தேவையானதாகவும் இருக்கலாம், நஞ்சாகவும் இருக்கலாம்.

மறுப்போ திருத்தமோ இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று கட்டுரை மெய்ப்புக்குப் போகிறது.

அன்புடன்