காக்ளியர் இம்ப்ளாண்ட்: அப்பாவுக்கு வைக்கலாமா, காதிரைச்சல் போகுமா?

தறிவீட்டுப்பிள்ளை:
அப்பாவுக்கு 61 வயது. பள்ளிபாளையத்தில் முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். அந்தச் சத்தத்திலேயே இரண்டு காதும் போய்விட்டது. காது மெஷின் வைத்தால் சத்தம் கேட்கிறது, பேச்சு புரிவதில்லை. அதைவிடப் பெரிய தொந்தரவு இரைச்சல். தறியை விட்டு நான்கு வருஷம் ஆகியும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது என்கிறார், ராத்திரி தூக்கமே இல்லை. காக்ளியர் இம்ப்ளாண்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் மின்முனைகளை வைத்து, வெளியே ஒரு மெஷின் மாட்டும் கருவி) வைக்கலாம், ஒரு காதுக்கு எட்டு லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார் டாக்டர். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் விசாரித்தேன், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தானாம். கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும். இரைச்சல் போகுமா?

சந்தைக்கடை:
வேண்டாம் தம்பி. என் அக்கா வீட்டுக்காரருக்கு நாற்பது வயதில் வைத்தோம். ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் தலைசுற்றல், நாக்கில் ஒரு பக்கம் ருசி இல்லை, இரைச்சல் முன்னைவிட அதிகம். எவ்வளவு மெல்லிய சத்தம் கேட்கிறது என்று கிராஃப் எடுத்துக் காட்டி "பாருங்கள், காது நன்றாக வந்துவிட்டது" என்றார்கள். பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார், அவ்வளவுதான். என்ன சொன்னோம் என்று கேட்டால் தெரியாது. மெஷின் இப்போது பீரோவில் இருக்கிறது. காது திரும்பி வரும் என்பதெல்லாம் வியாபாரப் பேச்சு.

பாதிக்காது:
அண்ணே, உங்கள் மாமாவுக்கு எந்த வயதில் கேட்காமல் போனது?

சந்தைக்கடை:
பிறவியிலேயே.

பாதிக்காது:
அங்கேதான் வித்தியாசம். பேச்சையே கேட்டிராத மூளைக்கு நாற்பது வயதில் மின்துடிப்பை அனுப்பினால் அது சத்தமாக மட்டும்தான் நிற்கும். இதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லாதது அந்த ஆஸ்பத்திரியின் தப்பு. தம்பியின் அப்பா ஐம்பது வருஷத்துக்கு மேல் தமிழ் கேட்டு வளர்ந்தவர், அவர் கணக்கே வேறு.

நான் வைத்து ஆறு வருஷமாகிறது. ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் ஆன் செய்தார்கள். முதல் நாள் என் மனைவியின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ கீச்சிடுவது போல இருந்தது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான்காவது மாதம்தான் அது அவள் குரல் என்று ஆனது. வாயைப் பார்த்துப் புரிந்துகொண்ட காலத்தில் "பாட்டி"யும் "மாட்டி"யும் எனக்கு ஒன்று, உதடு ஒரே மாதிரிதானே அசைகிறது. இப்போது பிரித்துக் கேட்கிறேன். கல்யாண மண்டபத்தில் மட்டும் இன்றைக்கும் திண்டாட்டம்தான். தவில் அடி ஒவ்வொன்றும் தெரிகிறது, நாதஸ்வரம் என்ன ராகம் என்று கேட்காதீர்கள்.

இரைச்சலைப் பற்றி. மெஷின் காதில் இருக்கும்போது முக்கால்வாசி அடங்கிவிடுகிறது. ராத்திரி கழற்றிவைத்தால் அரைமணியில் திரும்பிவிடும். கழற்றினால் அமைதி கிடைக்குமே என்பார்கள், எனக்கு அமைதி மாட்டினால்தான்.

சந்தைக்கடை:
அப்படியென்றால் தம்பி அப்பாவுக்கு என்ன பிரயோஜனம்? அவருக்குத் தூக்கம் போவதே ராத்திரியில்தானே?

பாதிக்காது:
நியாயமான கேள்வி. பதில் இல்லை.

ஒலிமானி:
நான் ஆடியாலஜிஸ்ட், கேட்கும் திறனைச் சோதிப்பவள். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி.

காது அனுப்ப வேண்டியது வராமல் போனால் மூளை வால்யூமைக் கூட்டிக்கொண்டு தேடும், அந்தத் தேடலே இரைச்சலாகக் கேட்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இம்ப்ளாண்ட் நரம்புக்கு மறுபடி செய்தி அனுப்புவதால் பலருக்கு அடங்குகிறது. 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில், ஒரு காது மட்டும் போய் அதில் கடும் இரைச்சல் இருந்த சுமார் இருபது பேருக்கு வைத்துப் பார்த்தார்கள். சத்தம் நன்றாகக் குறைந்தது, கருவியை நிறுத்தினால் கூடியது. சிலருக்கு எந்த மாற்றமும் வருவதில்லை. சந்தைக்கடை சார் சொன்னதுபோல் கூடிப்போகிறவர்களும் கொஞ்சம் பேர் உண்டு. அதனால் இரைச்சலுக்காக மட்டும் இந்த ஆபரேஷனுக்குப் போகாதீர்கள். பேச்சு புரிவதற்காகப் போங்கள், இரைச்சல் குறைந்தால் லாபம்.

கிராஃப் விஷயம். காக்ளியாவில், அதாவது உள்காதின் நத்தைச்சுருளில், ஒலியை நரம்புக்குச் சொல்லும் உள்மயிர்செல்கள் சுமார் 3,500. அந்த வேலையை இம்ப்ளாண்டில் கம்பெனியைப் பொறுத்து 12 முதல் 22 மின்முனைகள் செய்கின்றன. மெல்லிய சத்தம்கூட எட்டுவதால் கிராஃப் அழகாகத்தான் வரும். புரிகிறதா என்பதை அது காட்டாது, அதற்குச் சொற்களைச் சொல்லிப் பார்க்கும் சோதனை வேண்டும்.

தம்பி, தறிச்சத்தம் முதலில் தின்பது கீச்சென்ற உச்ச ஒலிகளை. ச, த, க போன்ற மெய்கள் அங்கேதான் தெளிகின்றன. கீழ் ஒலிகள் பெரும்பாலும் கொஞ்சம் தங்கும். "சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை" என்று அப்பா சொல்வதற்கு அதுதான் காரணமாக இருக்கலாம். மின்முனை உள்ளே போகும்போது அந்த மிச்சமும் போய்விடக்கூடும். இப்போதைய காது மெஷினைச் சரியாக டியூன் செய்து பார்த்தாரா? கடையில் வாங்கி அப்படியே மாட்டியதா?

தறிவீட்டுப்பிள்ளை:
கடையில் வாங்கியதுதான் மேடம். டியூன் எல்லாம் செய்யவில்லை.

சந்தைக்கடை:
பார்த்தீர்களா! எட்டு லட்சத்துக்கு முன்னால் செய்ய வேண்டியதையே யாரும் சொல்லவில்லை.

கைமொழி:
குறுக்கே ஒன்று. சந்தைக்கடை சார், நானும் பிறவியிலேயே கேளாதவள், சைகை மொழியில் பேசுகிறவள். உங்கள் மாமாவிடம் அந்த நாற்பது வருஷத்தில் வீட்டில் யாராவது கையால் பேசக் கற்றுக்கொண்டீர்களா? மெஷின் பீரோவில் இருக்கிறது, சரி. மாமா எங்கே இருக்கிறார்?

சந்தைக்கடை:
சாப்பிடு, வா, போ அளவுக்குத்தான் கை காட்டுவோம். நீங்கள் கேட்பது சுருக்கென்று தைக்கிறது.

பாதிக்காது:
நான் வைக்காதே என்று சொல்ல மாட்டேன் தம்பி. ஆன் செய்த பிறகுதான் என் பேத்தி என்னிடம் கதை சொல்ல வருகிறாள். முன்பு "தாத்தாவுக்குப் புரியாது" என்று ஓடிவிடுவாள். ஆனால் அரைநாள் உற்றுக் கேட்டாலே மண்டை காய்ந்துவிடும், மாலையில் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். மேப்பிங்குக்கு, அதாவது மின்துடிப்பின் அளவை என் காதுக்கு ஏற்பச் சரிசெய்ய, முதல் வருஷம் அடிக்கடி போனேன். அப்பாவுக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா?

தறிவீட்டுப்பிள்ளை:
மேடம் சொன்னபடி மெஷினை டியூன் செய்து மூன்று மாதம் பார்க்கிறேன். அப்புறமும் சொல் சோதனையில் தேறவில்லை என்றால் ஆபரேஷன். இதையெல்லாம் எழுதி அப்பாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "ராத்திரி தறியை நிறுத்த வழி கேள், பகலில் நான் சமாளித்துக்கொள்கிறேன்" என்கிறார்.

ஒலிமானி:
அதற்குத் தனியாக வைத்தியம் உண்டு, தூக்கத்துக்கும் சேர்த்தே. தலைமாட்டில் மெல்லிய மழைச்சத்தம் போல ஒன்றை ஓடவிடுவது சிலருக்கு உதவும். ஆனால் அது அவருக்குக் கேட்க வேண்டும். அழைத்து வாருங்கள், பார்ப்போம்.

சந்தைக்கடை:
ஆபரேஷன்தான் என்று முடிவானால் கேபிள், காயில், பேட்டரி விலையையும், வாரண்டி முடிந்தபின் வெளி மெஷின் எவ்வளவு என்பதையும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள் தம்பி. எங்களுக்குக் கேபிள் அறுந்தபோதுதான் தெரிந்தது.