பஃபர்ப்ளோட்டுக்குத் தமிழ்: ‘பொதித்தேக்கம்’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். இணைப்பு நிரம்பும்போது பொதிகள் (இணையத்தில் போகும் தரவுத் துண்டுகள்) திசைவி (ரவுட்டர்) போன்ற பெட்டிகளின் இடையகத்தில், அதாவது அவை காத்திருக்கும் நினைவகத்தில், நெடுநேரம் நிற்பதால் வரும் தாமதத்தைத்தான் ஆங்கிலத்தில் பஃபர்ப்ளோட் என்கிறார்கள்.

> பஃபர் என்றால் இடையகம், ப்ளோட் என்றால் வீக்கம். ‘இடையக வீக்கம்’ என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே?

போகலாம்தான் ஐயா. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கிறவருக்குத் தன் வீட்டு இணையத்தில் என்ன கோளாறு என்று பிடிபடுமா? என் தயக்கம் அதுதான். அண்மையில் எங்கள் வீட்டுத் திசைவியில் பழைய நிலைப்பொருளை (அதை இயக்கும் உள்மென்பொருள்) எடுத்துவிட்டு ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறமூல நிலைப்பொருளை ஏற்றினேன். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் செய்த சோதனையைச் சொன்னால், நான் ஏன் ‘பொதித்தேக்கம்’ என்கிறேன் என்பது விளங்கும்.

நிலைப்பொருளை மாற்றியதும் எல்லாரும் வேகச் சோதனைத் தளத்தைத்தான் முதலில் திறக்கிறோம். முன்பு 100 மெகாபிட் காட்டியது இப்போது 92 காட்டினால், ‘மேம்படுத்தப் போய் உள்ளதும் போச்சு’ என்று பழைய நிலைப்பொருளுக்கே திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்தால் இந்தக் கோளாறு கண்ணில் படவே படாது.

மடிக்கணினியை அருகலையில் (வைஃபை) வைக்காமல் கம்பியில் இணைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையத்தில் பிங் (ஒரு பொதி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடட்டும். இன்னொன்றில் ஐபெர்ஃப்3 என்ற வேகச் சோதனைக் கருவியை வைத்து, வெளியே உள்ள ஒரு வழங்கிக்கு முழு வீச்சில் பதிவேற்றுங்கள். பழைய நிலைப்பொருளில், இணைப்பு சும்மா இருந்தபோது பிங் 10, 12 மில்லிநொடி என்று அமைதியாக ஓடியது. பதிவேற்றம் தொடங்கியதும் 80, 190, 340 என்று ஏறி அங்கேயே நின்றுவிட்டது. இதில் முக்கியமானது, ஒரு பொதிகூடத் தொலையவில்லை. எல்லாப் பொதிகளும் போய்ச் சேர்ந்தன, காத்துக் கிடந்து சேர்ந்தன. மகன் படத்தொகுப்பை மேகத்துக்கு அனுப்பும் நேரம் பார்த்து, பக்கத்து அறையில் காணொளி அழைப்பு திக்குவது இதனால்தான்.

காரணம் தெரிந்ததே. தரவை அனுப்பும் வேகத்தை முறைப்படுத்தும் டிசிபி நெறிமுறை, வழக்கமாகப் பொதி தொலையும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். தொலைந்தால்தான் ‘வழி நிரம்பிவிட்டது’ என்று அதற்குப் புரியும். நினைவகம் மலிந்ததும் தயாரிப்பாளர்கள் இடையகத்தைத் தாராளமாக வைத்தார்கள். பொதி தொலையவேண்டிய நேரத்தில் தொலையாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. 1 மெகாபிட் பதிவேற்ற இணைப்பில் 256 கிலோபைட் இடையகம் நிரம்பினால், அது வடிவதற்கே 2 நொடிக்கு மேல் ஆகும். ஜிம் கெட்டிஸ் 2010இல் தன் வீட்டு இணைப்பில் இதைக் கண்டு எழுதியபோதுதான் இந்த ஆங்கிலப் பெயர் பரவியது.

அவர் பெட்டியின் பெருத்த உடம்பைப் பார்த்துப் பெயர் வைத்தார். நாமும் அதையே பார்க்கவேண்டும் என்று இல்லை. 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் இந்தக் கோளாறுக்கு மருந்தாகக் கோடெல் என்ற வரிசை மேலாண்மை முறையை வெளியிட்டபோது, வரிசைகளை நல்லது, கெட்டது என்று பிரித்தார்கள். திடீரென்று வரும் பொதிக் கூட்டத்தை வாங்கிவைத்து உடனே வடிந்துவிடும் வரிசை நல்லது. வடியாமல் நிற்கும் வரிசை கெட்டது. கோடெல் வரிசையின் நீளத்தை வைத்து முடிவெடுப்பதில்லை. ஒவ்வொரு பொதியும் உள்ளே எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. 5 மில்லிநொடிக்கு மேற்பட்ட காத்திருப்பு 100 மில்லிநொடிக்குத் தொடர்ந்தால் பொதிகளைக் கைவிடத் தொடங்குகிறது. மருந்தே இடையகத்தின் பருமனைப் பொருட்படுத்தவில்லை. நோயின் பெயரில் மட்டும் அது எதற்கு?

நாளிதழில் ‘நீதிமன்றங்களில் வழக்குகள் தேக்கம்’ என்று படித்ததும் யாரும் வழக்குகள் காணாமல் போய்விட்டதாக நினைப்பதில்லை. வந்தவை நகராமல் நிற்கின்றன என்று தெரிகிறது. நமக்கு வேண்டிய பொருள் அப்படியே இதில் இருக்கிறது. கூடவே, பஃபருக்கு இடையகமா தாங்ககமா என்ற ஓயாத வழக்கையும் இந்தச் சொல்லுக்குள் இழுக்க வேண்டியதில்லை. (பொதிகளின் தேக்கம் என்று விரிவதால் ஒற்று மிகும். சேர்த்தே எழுதிவிடுவோம், தேடுவதற்கு வசதி.)

> ஏற்கெனவே ‘நெரிசல்’ இருக்கிறதே அக்கா, அதுவே போதாதா?

போதாது தம்பி. சோதனையின் பிற்பாதி அதைக் காட்டுகிறது. புதிய நிலைப்பொருளில் வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் தொகுப்பை நிறுவி, அதில் கோடெல் வழிவந்த கேக் முறையைத் தேர்ந்தெடுத்து, வேக வரம்பை உண்மையான இணைப்பு வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து வைத்தேன். வழக்கமாக 85 முதல் 95 விழுக்காட்டுக்குள் வைப்பார்கள். அப்போதுதான் வரிசை நிறுவனத்தின் மோடத்தில் உருவாகாமல், நம் கைக்கு அடங்கிய திசைவியில் உருவாகும். மேலே சொன்ன 92 இப்படி நாமே விட்டுக்கொடுத்ததாகவும் இருக்கலாம். அதே பதிவேற்றத்தை மறுபடி ஓடவிட்டேன். வழி முன்பு போலவே நிரம்பி வழிந்தது, ஆனால் பிங் 20ஐ ஒட்டியே நின்றது. நெரிசல் இருக்கிறது, தேக்கம் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல இரண்டு சொல் வேண்டும். ‘நெரிசல் கட்டுப்பாடு’ டிசிபியின் வேலைக்கே இருக்கட்டும்.

அருகலையும் இதையே சொல்கிறது. திசைவியை விட்டு இரண்டு சுவர் தள்ளிப் போனால் வானலை வேகம் விழுந்து, வரிசை அருகலை வன்பொருளின் பக்கம் சேர்கிறது. அப்போது இணைய இணைப்பில் வைத்த வரம்பு உதவாது. கம்பியில் சோதிக்கச் சொன்னதும் இதனால்தான்; இரண்டு தேக்கமும் கலந்துவிட்டால் எதைச் சரிசெய்தோம் என்றே தெரியாது. தேக்கம் இடம் மாறும். அதை ஒரு பெட்டியின் வீக்கம் என்று சொன்னால், பயனர் அந்தப் பெட்டியை மாற்றிவிட்டு அதே தொல்லையோடு உட்கார்ந்திருப்பார்.

இன்னொரு சொல்லும் இதோடு வேண்டும். இணைப்பு நிரம்பியிருக்கும்போது அளக்கும் தாமதத்துக்குச் ‘சுமைச் சுணக்கம்’ என்று போட்டிருக்கிறேன். சும்மா இருக்கும்போது அளப்பது ‘ஓய்வுச் சுணக்கம்’. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே தேக்கத்தின் அளவு.

திசைவியின் நிலைப்பொருளை மேம்படுத்துவோருக்காக எழுதிவரும் வழிகாட்டியின் வரைவில் இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: “நிலைப்பொருளை மேம்படுத்தியபின் சுமைச் சுணக்கத்தை அளந்து பாருங்கள். ஓய்வுச் சுணக்கத்தைவிட அது பல மடங்கு கூடினால் உங்கள் இணைப்பில் பொதித்தேக்கம் இருக்கிறது. வன்பொருள் வழி விரைவுபடுத்தலை (பொதிகளை எஸ்க்யூஎம்மின் வரிசைக்குள் வராமலே கடத்திவிடும் வசதி) அணைத்துவிட்டு எஸ்க்யூஎம்மை இயக்குங்கள்.”

‘வீக்கம்’ பக்கம் இருப்பவர்கள் இதே மூன்று வாக்கியங்களை உங்கள் சொல்லை வைத்து எழுதி அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு முடிவு செய்வோம்.