பி.ஏ. பொருளியல் படித்தால் ஆசிரியர் வேலைதானா?

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். என் தங்கை பிளஸ் டூவில் பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல், வணிகக் கணிதம் படித்துத் தேர்ச்சி பெற்றிருக்கிறாள். பி.காம். வேண்டாம், பி.ஏ. பொருளியல்தான் என்று உறுதியாக இருக்கிறாள். வீட்டிலோ, அதைப் படித்தால் ஆசிரியர் வேலையைத் தவிர வேறு போக்கில்லை என்கிறார்கள். இத்துறையில் இருப்பவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
வீட்டாரின் அச்சத்தில் பாதி நியாயம் இருக்கிறது. இளங்கலைப் பட்டத்தோடு நிறுத்திக்கொண்டால் வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. என்று எந்தப் பட்டதாரியும் எழுதக்கூடிய தேர்வுகள்தான் மிஞ்சும். பொருளியலாளர் என்ற பெயரிலேயே உள்ள பணிகள் முதுகலைக்குப் பிறகே திறக்கின்றன. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுத பொருளியலிலோ அதன் பிரிவுகளிலோ முதுகலைப் பட்டம் வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு 1000 மதிப்பெண், நேர்முகத்துக்கு 200. இடங்களோ மிகக் குறைவு. ரிசர்வ் வங்கியின் பொருளாதார, கொள்கை ஆய்வுத் துறைக்கும் முதுகலை கட்டாயம். ஆகவே மூன்றாண்டுப் படிப்பாக அல்லாமல் ஐந்தாண்டுப் படிப்பாகவே இதைக் கணக்கிடுங்கள்.

தரவுப் பணியாளர்:
ஐயா சொன்னதோடு கணிதத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் முதுகலைப் பொருளியல் நுழைவுத் தேர்வில் ஒரு தாள் முழுவதும் கணிதம்தான். சென்னைப் பொருளியல் பள்ளியில் நிதிப் பொருளியல், காப்பீட்டுக் கணிப்புக்கான ஆக்சுவரியல் பொருளியல் போன்ற பிரிவுகள் உள்ளன. அவற்றிலும் கணிதத்துக்கு அஞ்சுபவர் திணறிப்போவார்.

வங்கிகள், கடனைத் திருப்பிச் செலுத்தும் திறனை மதிப்பிடும் தரமதிப்பீட்டு நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவை பொருளியல் பட்டதாரியிடம் எதிர்பார்ப்பது, தரவைக் கையாளத் தெரிகிறதா என்பதைத்தான். வேலைவாய்ப்பு, வேலையின்மை நிலையை அறிய மத்திய அரசு நடத்தும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் தரவை யாரும் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். அதில் ஒவ்வொரு நபரின் விவரத்தோடும், அவர் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்பதைக் கணக்கிட உதவும் எண் ஒன்று இருக்கும். அதைக் கவனிக்காமல் நேரடியாகச் சராசரி எடுத்தால், வேலையின்மை விகிதம் அரசு வெளியிட்ட அறிக்கையோடு ஒத்துவராது. எனக்குத் தெரிந்தவரை, நேர்முகத்தில் இதை விளக்கத் தெரிந்தவருக்கு உள்ள மதிப்பு வெறும் மதிப்பெண் பட்டியலுக்கு இல்லை.

வைகைக்கரை:
இருவருக்கும் மிக்க நன்றி. வணிகக் கணிதம் இதற்குப் போதுமா, அல்லது அவள் தனியாகப் படிக்க வேண்டியிருக்குமா?

தரவுப் பணியாளர்:
அணிகள், வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம் ஆகியவை அப்பாடத்தில் இருப்பதால் அடித்தளம் உண்டு. ஆயினும் அதைப் பிளஸ் டூ கணிதமாக ஏற்பார்களா என்பதை அந்தந்த நிறுவனத்தின் சேர்க்கை அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, பெயரைவிடப் பாடத்திட்டத்தைப் பாருங்கள்: பொருளாதார அளவையியலும் (தரவைக் கொண்டு பொருளாதாரத் தொடர்புகளை அளக்கும் எகனாமெட்ரிக்ஸ்) புள்ளியியலும் தனித்தாள்களாக இருக்கின்றனவா, கணினிக்கூடத்தில் புள்ளியியல் கணக்கீட்டுக்கான ஆர் (R) மென்பொருளையாவது சொல்லித்தருகிறார்களா என்று துறைத் தலைவரிடமே கேட்டுவிடலாம்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
துணைப்பாடமாகக் கணிதமோ புள்ளியியலோ தரும் கல்லூரி கிடைத்தால் அதையே எடுக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் வேலையைப் பற்றியும் ஒரு சொல்: கல்லூரியில் கற்பிக்க முதுகலையோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டியிருப்பதால், வீட்டார் நினைப்பதுபோல் அதுவும் எளிதில் கிடைத்துவிடுகிற வேலை அன்று.