பூக்கல் பட்டறை கம்ப்யூட்டர்ல விண்டோஸ் ஒரிஜினலா? அவசரம்

பட்டறைக்கணக்கு: ஆத்தங்குடில பூக்கல் (பூப்போட்ட தரைக்கல்) பட்டறை. பில் போடுற கம்ப்யூட்டர்ல வலது மூலையில "ஆக்டிவேட் விண்டோஸ்"னு வந்து நிக்குது. ஒரிஜினல்னு சொல்லித்தான் குடுத்தாங்க. எப்படிப் பார்க்கிறது? சாயங்காலம் லோடு ஏத்தணும்.

செக்காலைவயர்: 10-ஆ 11-ஆ? ஹோமா ப்ரோவா? அசெம்பிள்டா? எப்ப வாங்குனது?

பழையமவுஸ்: மதர்போர்டு மாத்தியிருப்பாங்க. டிஜிட்டல் லைசென்ஸ் போர்டோட ஒட்டுனது. வேற எதுவும் இருக்காது.

குன்றக்குடியான்: கேபினட்ல ஸ்டிக்கர் இருக்கா பாருங்க.

கோட்டையூர்மூத்தவர்: ஸ்டிக்கரை எவனும் அச்சடிப்பான். இதையே எத்தனை இழையில சொல்றது? தேடிப் படிக்க ஒருத்தருக்கும் பொறுமை இல்ல. ஸ்டார்ட்ல சிஎம்டி திறந்து, ஆங்கில எழுத்துல எஸ்எல்எம்ஜிஆர், ஒரு இடைவெளி, /டிஎல்ஐ அடிங்க. சின்னப் பெட்டி வரும். டிஸ்க்ரிப்ஷன்ல ரீடெயில் (தனியா வாங்குனது), ஓஇஎம்_டிஎம் (கம்பெனி மெஷினோட வந்தது), வால்யூம் (நிறுவனத்துக்கு மொத்தமா குடுத்தது), இதுல என்ன இருக்கு? பார்ஷியல் ப்ராடக்ட் கீன்னு வரும், லைசென்ஸ் கீயோட கடைசி அஞ்சு எழுத்து, அதையும் சொல்லுங்க.

செக்காலைவயர்: 3வி66டி வந்தா பதற வேணாம். டிஜிட்டல் லைசென்ஸ் ஏறுன ப்ரோவுக்கெல்லாம் பொதுவா வர்ற கீ அது.

கோட்டையூர்மூத்தவர்: கள்ளத்தனமா ஏத்துனாலும் அதேதான் வரும் தம்பி. வாங்குன பில்லுதான் சாட்சி.

பெங்குயின்காரன்: பேசாம விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்க.

குன்றக்குடியான்: பில், கணக்கு போடுற டாலிய அதுல உங்க அப்பச்சியா வந்து ஓட்டுவாரு?

பெங்குயின்காரன்: வைன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, விண்டோஸ் புரோகிராமை லினக்ஸ்ல ஓட்டும். அதுல ஓடும்ணே.

குன்றக்குடியான்: ஓடும், மாசக் கடைசில ஜிஎஸ்டி போடுறப்ப நிக்கும்.

பட்டறைக்கணக்கு: அசெம்பிள்ட், 11 ப்ரோ. பழனி நடைபயணத்துக்கு முந்தி வாங்குனது. வால்யூம்_கேஎம்எஸ்கிளையன்ட்னு இருக்கு. கடைசி அஞ்சு டி83ஜிஎக்ஸ். கேஎம்எஸ் மெஷின் நேம்ல 127.0.0.2.

செக்காலைவயர்: போலிதாண்ணே. கேஎம்எஸ்ங்கிறது பெரிய கம்பெனி, காலேஜ்ல சொந்த சர்வர் வச்சு மொத்தமா ஆக்டிவேட் பண்றது. 25 மெஷினாவது இல்லாம அந்த சர்வர் விண்டோஸுக்கு ஆக்டிவேஷனே குடுக்காது. 127-ல தொடங்குனா உங்க கம்ப்யூட்டரே தனக்குத்தானே சர்வர் வேஷம் போடுதுன்னு அர்த்தம். ஒரு தடவை ஏத்துனா ஆக்டிவேஷன் 180 நாள்தான் நிக்கும். நடுவுல புதுப்பிக்கிற கள்ள டூலை விண்டோஸோட வைரஸ் தடுப்பு டிஃபெண்டர் தூக்கியிருக்கும். தையில வாங்குனது, கணக்கு சரியா வருது.

இன்னைக்கு பில் தடைபடாது, வால்பேப்பர்தான் மாத்த முடியாது. டாலி டேட்டாவ பென்டிரைவ்ல எடுத்துட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்துல விண்டோஸ் போடுறதுக்கான மீடியா கிரியேஷன் டூல் இறக்கி சுத்தமா ஃபார்மேட் போடுங்க. வெறும் கீ மட்டும் மாத்துனா அந்த டூலோட மிச்சம் உள்ளேயே கிடக்கும். வாங்குறப்ப ரீடெயில் கீயா கேளுங்க, நாளைக்கு போர்டு போனாலும் வேற மெஷினுக்குக் கொண்டு போகலாம். ஹோம் கீ வாங்குனா ஃபார்மேட்ல ஹோமே போடணும், ப்ரோல அது ஏறாது.

பழையமவுஸ்: போர்டையும் ஒரு தடவை பாருங்க.

பட்டறைக்கணக்கு: டேட்டா எடுத்தாச்சு. கடைக்காரர் போனை எடுக்கல. லோடு வந்துருச்சு.