மைக் ப்ரீஆம்பில் 50 ஹெர்ட்ஸ் ஹம்: பெங்களூருவில் டொராய்டல் டிரான்ஸ்பார்மர் எங்கே கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. ஐஎன்ஏ217 சிப் வைத்த மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்). சப்ளைக்கு 15-0-15 வோல்ட் சாதா டிரான்ஸ்பார்மர், வோல்டேஜை நிலையாக வைக்க 7815, 7915 ரெகுலேட்டர். கெயின் (பெருக்கும் அளவு) 40 டெசிபெல் தாண்டினால் ஹம் (ரீங்கார இரைச்சல்) கேட்கிறது. ரெக்கார்ட் செய்து ஸ்பெக்ட்ரம் பார்த்தால் உச்சம் 50 ஹெர்ட்ஸில் நிற்கிறது; ஃபில்டர் போதாமல் வரும் ஹம் என்றால் 100-இல் இருக்கணும், அங்கே இல்லை. ஆகவே ஃபில்டர் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படவில்லை. மைக்கையும் கேபிளையும் கழற்றி, எக்ஸ்எல்ஆர் (மைக் சாக்கெட்) 2, 3 பின்களுக்கு நடுவே மைக்குக்குப் பதில் 150 ஓம் ரெசிஸ்டர் போட்டாச்சு, ஹம் போகவில்லை. டிரான்ஸ்பார்மரைக் கால் சுற்று திருப்பி வைத்தால் மட்டும் பாதிக்கு மேல் அடங்குகிறது. அதன் காந்தப்புலம்தான் இன்புட் வயரில் ஏறுகிறது.

எஸ்.பி. ரோட்டில் 1 ஆம்பியர் டொராய்டல் (காந்தப்புலம் குறைவாகக் கசியும் வளைய வடிவ டிரான்ஸ்பார்மர்) வைத்திருக்கும் கடையோ, சொன்னபடி சுற்றித் தருபவரோ தெரியுமா? இல்லை, சப்ளையைத் தனிப் பெட்டியில் வைத்து 1 மீட்டர் கேபிள் இழுப்பதே மேலா? அப்படியானால் ரெகுலேட்டர் எந்தப் பெட்டியில் இருக்கணும்? ப்ரீஆம்ப் பக்கம்தான் சரின்னு படுது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க, ப்ளீஸ்.